மாடிப்படிக்குக் கீழே ஒரு பியானோ

பியானோ! அந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனக்கண்முன் எழுவது என்ன? பளிங்குத் தரை பதித்த கூடம். வளைந்து இறங்கும் மாடிப்படி. அதன் அருகே முகம் பார்க்கலாம்போல் மின்னும் கரிய பெட்டி. அதன்முன் பட்டுச் சட்டை அணிந்த சீமான் மகன். நம் பழைய திரைப்படங்கள் ஓயாமல் காட்டி, நெஞ்சிலே ஆணி அடித்து மாட்டிவைத்த படம் அது. சேரிக்குப் பறை, கோயிலுக்கு நாகசுரம், அக்கிரகாரத்துக்கு வீணை, மாளிகைக்குப் பியானோ! மனிதர்க்கு வகுத்ததுபோலவே கருவிகளுக்கும் குடியிருப்பு வகுத்துவைத்த நாடல்லவா இது?

நான் இருப்பது மாளிகையில் அன்று. திண்டுக்கல்லில் ஒரு வாடகை வீட்டில். தமிழ் இலக்கியம் பயின்று பட்டம் பெற்றவள். தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. அகவை 26, மாத ஊதியம் 18,000 ரூபாய். எங்கள் வீட்டில் எனக்குமுன் கல்லூரி வாயிலை மிதித்தவர் எவரும் இலர். இசைக்கருவி என்று ஒன்றைத் தொட்டவரும் இலர். மாதம் 2,000 வீதம் எட்டு மாதம் சீட்டுக் கட்டி, 2024ஆம் ஆண்டு அந்த 16,000 ரூபாயைக் கையில் வாங்கியபோது, “பியானோ பழகப் போகிறேன்” என்று வீட்டில் அறிவித்தேன்.

“அந்தக் காசுக்கு ஒரு மோதிரமாவது செய்து போட்டுக்கொள்ளலாமே, கண்ணு!” என்றார் அம்மா. அதில் வியப்பில்லை. பெண்ணின் கையிலே பணம் சேர்ந்தால் அது பொன்னாகத்தான் மாறவேண்டும் என்பது அவர் கண்ட உலகம். என்னைச் சுட்டது வேறொரு சொல். உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர், பாராட்டுவதாக எண்ணிக்கொண்டே கூறினார்: “நல்லதுதான். பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம்.”

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பெண் ஒரு கலையைக் கற்றால் அஃது எவன் முன்னாலோ விரித்துக் காட்டவேண்டிய சரக்கு! “பொண்ணு பாடுமா?” என்று கேட்டுவிட்டு, தாலி ஏறிய மறுநாளே அவள் தொண்டையைப் பூட்டிவைத்த வீடுகள் எத்தனை! இது நமக்கு மட்டும் உரிய பெருமையும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலே நடுத்தரக் குடும்பங்கள் மகளுக்குப் பியானோ பழக்கியதும் பெரும்பாலும் இதே சந்தைக்காகத்தான். திருமணம் முடிந்ததும் பெட்டியின் மூடி மூடப்படும். மேலே பூச்சாடி வைக்கப்படும். நான் கட்டிய சீட்டு அந்தப் பூச்சாடிக்காக அன்று. நாள் முழுதும் பிறர் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டு, மாலையில் நானும் ஒன்றைக் கற்கவேண்டும். அது யாருக்கும் காட்டுவதற்காக இருத்தல் கூடாது. இவ்வளவே என் ஆசை.

“இசை ஐந்து வயதில் வரவேண்டும், இல்லையேல் பிறவியிலேயே வரவேண்டும்” என்பார் சிலர். வயதைப் பற்றிய இந்த அச்சத்திற்கு விடையாக, ஒரு மனிதரின் வரலாற்றைச் சொல்வேன். சப்பானில் யாமகா தொரகுசு என்றொருவர், 1851இல் பிறந்தவர். இசைப் பரம்பரை அன்று அவருடையது. மருத்துவக் கருவிகளைப் பழுது பார்த்துப் பிழைத்தவர். 1887இல் ஆமமட்சு நகரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் அமெரிக்க ஆர்கன் பழுதாயிற்று. சீர்செய்ய இவரை அழைத்தார்கள். பிரித்துப் பார்த்தார், உள்ளமைப்பை வரைந்துகொண்டார், தாமே ஒன்றைச் செய்தார். அதைக் காவடிபோல் சுமந்து, துணைக்கு ஒருவருடன் ஆகோனே மலையைக் கடந்து டோக்கியோவுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த வல்லுநர்கள் என்ன கூறினர்? “வேலைப்பாடு நன்று, சுருதி சேரவில்லை” என்றனர். மனிதர் மனம் ஒடிந்து திரும்பினாரா? இல்லை. அங்கேயே தங்கிச் சுருதி சேர்க்கும் முறையைப் பாடம் கேட்டார். ஊர் திரும்பி மறுபடி செய்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது! அவர் பெயரைத் தாங்கிய கருவிகள்தாம் இன்று மதுரைக் கடையிலும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

அந்த மதுரைக் கடைக்குத்தான் ஒரு சனிக்கிழமை போனேன். கைப்பையில் பணம், உடன் பள்ளிக்கூடத்து அடிமட்டம் ஒன்று, 30 செ.மீ. அளவுள்ளது. அடிமட்டம் எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கடைக்காரர் நல்லவர், ஆனால் வணிகர். “மேடம், இதிலே அறுநூறு குரல் இருக்கிறது, இருநூறு தாளம் இருக்கிறது” என்று பொத்தானுக்கு மேல் பொத்தானை அழுத்தினார். புல்லாங்குழல் ஊதியது, தபேலா தட்டியது, நாய்கூடக் குரைத்தது! ஒரு விரலால் ஒரு கட்டையைத் தொட்டால் போதும், ஒரு முழுப் பக்கவாத்தியமே எழுந்து ஆடும். கேட்கக் கேட்க மயக்கம் வரும். அந்த மயக்கத்திலேதான் புதியவர்கள் பலர் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள். வாசிப்பது யார், கருவியா நாமா என்று ஒரு கணம் கேட்டுப் பார்த்தால் மயக்கம் தெளியும்.

பியானோ பழகுகிறவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. அது தெரியவேண்டுமானால், பியானோ எதனால் பியானோ ஆயிற்று என்பது தெரியவேண்டும்.

அதற்கு முன்னிருந்த ஆர்ப்சிகார்டு என்னும் கட்டைக் கருவியில், கட்டையை அழுத்தினால் உள்ளே ஓர் இறகுமுனை கம்பியைச் சுண்டும். மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஓசை ஏறக்குறைய ஒன்றே. தாலாட்டும் போர்ப்பாட்டும் ஒரே குரலில்! இத்தாலியின் புளோரன்சு நகரில் பார்த்தலோமியோ கிறித்தொபோரி என்பவர், 1700ஆம் ஆண்டையொட்டி, சுண்டும் இறகுக்குப் பதில் தட்டும் சுத்தியலை வைத்தார். விரல் மெல்ல இறங்கினால் சுத்தியல் மெல்லத் தட்டும். விரைந்து இறங்கினால் வேகமாகத் தட்டும். மென்மையும் வன்மையும் விரலுக்கு அடங்கின. இத்தாலிய மொழியில் ‘பியானோ’ என்றால் மெல்ல. ‘போர்ட்டே’ என்றால் வலுவாக. பெயரே அதுதான்! அவர் செய்தவற்றுள் மூன்று இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

ஆகவே, கேள்வி இது: விரலின் வேகத்துக்கு இந்தக் கருவி விடை சொல்லுமா?

விடை சொல்லும் கீபோர்டில், ஒவ்வொரு கட்டையின் அடியிலும் இரண்டு தொடுபுள்ளிகள் உண்டு. கட்டை இறங்கும்போது முதற்புள்ளி ஒரு நொடிக்கூறு முன்னும், இரண்டாம் புள்ளி சற்றுப் பின்னும் தொடும். இடைப்பட்ட நேரம் குறைவென்றால் விரல் வேகமாக இறங்கியது என்று கருவி கணக்கிட்டு, ஓசையை உரக்கத் தரும். 1983இல் வந்த மிடி என்னும் பொது முறை இந்த வேகத்தை 1 முதல் 127 வரை எண்ணாக எழுதுகிறது. இதைத்தான் கடைக்காரர்கள் ‘டச் ரெஸ்பான்ஸ்’ என்கிறார்கள். விலை குறைந்தவற்றில் இது இராது. 2024இல் நான் பார்த்தவற்றுள், யாமகாவின் பிஎஸ்ஆர்-எஃப்52இலும் கேசியோவின் சிடி-எஸ்200இலும் இந்த வசதி இல்லை. அவற்றுக்கு மேற்படியில் உள்ள பிஎஸ்ஆர்-இ373இலும் சிடி-எஸ்300இலும் உண்டு. படிக்குப் படி சில ஆயிரம் ரூபாய் வேறுபாடு. அந்த ஆயிரங்களை மிச்சப்படுத்துவது, கண்ணாடி இல்லாத மூக்குக்கண்ணாடிச் சட்டத்தை மலிவாக வாங்குவது போன்றது.

சோதிப்பது எளிது. “எல்லாத் தாளத்தையும் நிறுத்துங்கள், ஐயா, பியானோக் குரலை மட்டும் வையுங்கள்” என்றேன். ஒரே கட்டையை முதலில் தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல் தொட்டேன். அடுத்து, கதவைத் தட்டுவதுபோல் தட்டினேன். முதற்பெட்டியில் இரண்டும் ஒன்றாகவே ஒலித்தன. இரண்டாம் பெட்டியில் முதல் ஓசை முணுமுணுத்தது, அடுத்தது முழங்கியது. கடைக்காரருக்கு அதற்குமேல் நான் ஒன்றும் விளக்க நேரவில்லை.

இனி அடிமட்டம். குழந்தைகளுக்கென்று கட்டைகளைச் சிறுத்துச் செய்த கருவிகள் உண்டு, விலையும் சிறுத்திருக்கும். அவற்றில் பழகிய கை, உண்மைப் பியானோவில் தடுமாறும். ச முதல் நி வரையுள்ள ஏழு வெள்ளைக் கட்டைகளின் மொத்த அகலம் ஏறத்தாழ 16.5 செ.மீ. இருக்கவேண்டும். அடிமட்டத்தை வைத்தால் ஐயம் தீர்ந்தது. கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். துணிக்கடையில் முழம் போட்டால் சிரிப்பாரா?

கட்டைகள் எத்தனை வேண்டும்? முழுப் பியானோவில் 88. கீபோர்டில் 61. “குறைப்பிறவி” என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பாக் என்னும் மேதை 1722இல் தொகுத்த, எல்லாச் சுருதிகளிலும் அமைந்த 24 இணைப் பாடல்களின் முதல் தொகுதி 49 கட்டைகளுக்குள் அடங்கிவிடுகிறது. 61 கட்டைக் கருவியில் அத்தனையும் இடம்பெறும். மொட்சார்ட் எழுதியவை ஐந்து ஸ்தாயிகளுக்குள், அதாவது 61 சுரத்துக்குள் நிற்பவை. ஆனால் அவர் கருவி ‘எஃப்’ சுரத்தில் தொடங்கியது. நம் கருவி அதற்கு மேலேயுள்ள ‘சி’யில் தொடங்குகிறது. அடியில் ஏழு சுரம் அவருக்கு நம்மைவிட அதிகம்; உச்சியில் ஏழு நமக்கு அதிகம். அந்த ஏழு இல்லையே என்று வருந்தும் நிலைக்கு நான் வளரும் நாளில் வருந்திக்கொள்கிறேன்.

ஒரு குறையை மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும். உண்மைப் பியானோவின் கட்டைக்குப் பின்னால் ஒரு சுத்தியலின் எடை உண்டு. கீபோர்டின் கட்டைக்குப் பின்னால் இருப்பது மெல்லிய வில்தான். எடையுள்ள கட்டைகள் 88 கொண்ட மின்பியானோ வேண்டுமென்றால் விலை அரை இலட்சத்தை நெருங்கும் அல்லது தாண்டும். கையில் பணம் இருப்பவர்கள் அதையே வாங்குவது நன்று. இல்லாதவர்கள் அதற்காக ஐந்தாண்டு காத்திருப்பது நன்றன்று. சுரம் படிப்பதும், இரு கைகளும் வெவ்வேறு வேலை செய்யப் பழகுவதும், காலம் தவறாமல் எண்ணுவதும் இதிலேயே நடக்கும். விரலின் வலிமை மட்டும் பின்னர் வரவேண்டும்.

பழைய கருவி வாங்க விரும்புவோர்க்கு ஒரு சொல்: 61 கட்டைகளையும், ஒன்றுவிடாமல், மெல்லவும் வலுவாகவும் அழுத்திப் பாருங்கள். ஏதேனும் ஒரு கட்டை ஊமையாக இருந்தாலோ, தொட்டாலே அலறினாலோ, உள்ளே தொடுபுள்ளி தேய்ந்திருக்கும் அல்லது தூசு அடைந்திருக்கும். பேட்டரி போடும் அறையைத் திறந்து, கசிந்து பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

“கட்டையில் கமகம் வருமா? இது நம் இசைக்கு ஆகுமா?” என்று கேட்ட நண்பரும் உண்டு. கேள்வியில் உண்மை உண்டு. கட்டைக் கருவியில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே படிக்கட்டு உண்டே தவிர, சறுக்குமரம் இல்லை. அதற்காகத்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தையே விலக்கிவைத்தது; 1971இல்தான் அந்த விலக்குத் தளர்ந்தது. வானொலி நிலையம் வாயிலை அடைத்ததால் ஆர்மோனியம் செத்துவிட்டதா? நம் நாடக மேடைகளில் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் இல்லாமல் திரை எழுந்த நாளுண்டா? கருவிக்குத் தகுந்த இசையை அதனிடம் கேட்டால் முறை. நான் வீணையை நாடிப் போகவில்லை. பியானோவை நாடிப் போனேன்.

கருவிக்கு 14,000 சொச்சம் ஆயிற்று. சீட்டுப் பணத்தில் மிஞ்சியதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, அட்டைப் பெட்டியை மடியில் வைத்தபடி பேருந்தில் ஊர் திரும்பினேன். நடத்துநர் சுமைச் சீட்டு கேட்டார், கொடுத்தேன்.

வாங்குவதைவிட வைப்பதுதான் பெரும்பாடு. அடுத்த வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, “டீச்சரம்மா, கிழக்குப் பார்த்து வைங்க, கலை நல்லா வரும்” என்றார். கிழக்குச் சுவரில் மழைக்காலத்து ஈரம் இறங்கும், மின்செருகியும் இல்லை. மேற்கே, மாடிப்படிக்குக் கீழே உலர்ந்த இடமும் இருந்தது, செருகியும் இருந்தது. கலை அந்தத் திசையில் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது உயரம். இதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. முதுகும் மணிக்கட்டும் பொருட்படுத்தும். சாப்பாட்டு மேசையின் உயரம் ஏறத்தாழ 75 செ.மீ.; அதன்மேல் கீபோர்டை வைத்தால் கட்டை மட்டம் 80ஐத் தாண்டும். தோள் தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு மடங்கும், அரைமணியில் வலி எடுக்கும். பியானோவின் கட்டை மட்டம் தரையிலிருந்து 72, 73 செ.மீ. அளவில் இருக்கும். உட்கார்ந்து, தோளைத் தளரவிட்டு, முழங்கையை மடக்கினால் முன்கை தரைக்கு இணையாக, கட்டை மட்டத்தில் நிற்கவேண்டும். கடையில் விற்கும் பெருக்கல்குறி வடிவ ஸ்டாண்ட் மலிவுதான். ஆனால் வலுவாக வாசித்தால் ஆடும், முழங்காலும் இடிக்கும்.

என் மாணவி ஒருத்தியின் தந்தை தச்சர். அவரிடம் போனேன். “கட்டிலுக்கு உயரம் கேப்பாங்க, கதவுக்கு அளவு கேப்பாங்க. பாட்டுப் பெட்டிக்கு அளவு சொல்ற ஆளு நீங்கதான், டீச்சர்” என்று சிரித்தார். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கையிலிருந்து தரைவரை நூல் பிடித்தார். பள்ளியில் கழித்துப்போட்ட பெஞ்சுப் பலகைகளை விலைக்கு வாங்கி வைத்திருந்தார். அதிலே நான்கு காலும், குறுக்கே ஒரு சட்டமும் வைத்து, மூன்றே நாளில் ஆடாத மேசை ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். கூலி 900. பிள்ளைகள் பேனாமுனையால் செதுக்கிய பெயர்கள் இன்னும் அதன் பக்கத்தில் தெரிகின்றன. இழைக்கவேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். வாசிக்க உட்கார்ந்தவர் யாரோ, அவர் உடம்பை அளந்து செய்த மேசை எந்த மாளிகைப் பியானோவுக்கும் வாய்த்திராது!

சில்லறைச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். சில்லறையில்தான் புதியவர்கள் இடறுகிறார்கள். அடாப்டர்: கருவியோடு வந்ததையே போடுங்கள். ஒரு கருவி 9.5 வோல்ட் கேட்கும், மற்றொன்று 12 கேட்கும். முனையின் நேர், எதிர் மின் அமைப்பும் மாறுபடும். செருகி பொருந்துகிறதே என்று வேறொன்றைச் செருகினால் கருவி கெடலாம். பெடல்: ஓசையை நீட்டிப் பிடிக்கும் மிதிகட்டை, 700 ரூபாய்க்குக் கிடைத்தது. இதை மிதித்தபடி கருவியைத் தொடங்கக் கூடாது. தொடங்கும் கணத்தில் கால் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே ‘ஓய்வு’ என்று பல கருவிகள் பதிந்துகொள்ளும். பிறகு மிதித்தால் ஓசை அறும், எடுத்தால் நீளும். கருவி கெட்டுவிட்டதென்று கடைக்கு ஓடவேண்டாம். அணைத்து, காலை எடுத்துவிட்டு, மறுபடி போட்டால் போதும். ஹெட்போன்: துளை 3.5 மி.மீ. அல்லது 6.3 மி.மீ. இருக்கும், பெரிய துளைக்கு மாற்றுமுனை ஒன்று மலிவாகக் கிடைக்கும். வாடகை வீட்டில் இரவு ஒன்பது மணிக்குமேல் வாசிக்க விரும்புகிறவருக்கு இதைவிடப் பெரிய விடுதலை வேறில்லை. எறும்பும் பல்லியும் உள்ளே குடிபுகாதிருக்கப் பழைய பருத்திப் புடவை ஒன்றைப் போர்த்தி வைக்கிறேன், அம்மாவுடையது. “என் புடவை பாட்டுப் படிக்குது” என்று அவரே இப்போது சொல்லிக்கொள்கிறார். மோதிரப் பேச்சு நின்றுவிடவில்லை, குறைந்திருக்கிறது.

அறுநூறு குரல்களில் நான் தொடுவது ஒன்றைத்தான். தாளப் பொத்தான்களின்மேல் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டேன். மெட்ரோனோம் என்னும் காலத்தட்டு மட்டும் ஓடும், நிமிடத்துக்கு 60 தட்டு. நாள்தோறும் அரைமணி, விடைத்தாள் திருத்தும் வாரங்களில் கால்மணி. வலக்கை பெருவிரல் 1, சுண்டுவிரல் 5. இடக்கைக்கும் பெருவிரலே 1. இந்த எண்ணை மூளை ஏற்க இரண்டு கிழமை ஆயிற்று. வலக்கை ஏறும்போது இடக்கையும் ஏறத் துடிக்கும். அதை இறங்கவைக்க மேலும் ஒரு மாதம். வகுப்பில் ‘ழ’ வராமல் திணறும் சிறுவனிடம் இப்போதெல்லாம் நான் முன்னைவிடப் பொறுமையாக இருக்கிறேன் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

பெண் பார்க்க வந்த வீட்டார் ஒருவர், சென்ற தை மாதம், மாடிப்படிக்குக் கீழே புடவை போர்த்தியிருந்ததைப் பார்த்து, “ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டும்மா” என்றார். “இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன், ஐயா, காட்டுவதற்கில்லை” என்றேன். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்தார். புடவையை விலக்கச் சொல்லவில்லை. அவர்கள் போனபின், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நான்காம் பயிற்சியின் இடக்கைப் பகுதியை எடுத்தேன். மூன்றாம் வரியில் நான்காம் விரலும் ஐந்தாம் விரலும் இன்னும் சண்டையிடுகின்றன.